உமிக்குள் நெருப்பு

தை மாதத்தில் திருவையாற்றுப் பக்கம் பிரயாணம் செய்த நேயர்கள் கவனித்திருக்கலாம். களத்தில் பொலி தூற்றும்போது எழும் தூசியினூடே பார்த்தால், நாலு மணிச் சூரியனும் மங்கிச் செம்பழுப்பாகத் தோன்றும். பொழுது சாய்ந்துவிட்டதோ என்று ஒரு கணம் ஐயுறுவோம்.

இதே ஏமாற்றத்துக்கு வானசாஸ்திரிகளும் ஆளானார்கள். நக்ஷத்திரங்களுக்கு இடையே மணல்பொடியும் கரிப்பொடியும் புகையைப்போல் நுண்ணியதாய்ப் பரவியிருக்கின்றன. அவை நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் மறைக்கும். 1930-ஆம் ஆண்டில் ராபர்ட் டிரம்ப்ளர் இத்தூசியின் மறைப்பை ஐயமற நிரூபித்தார். சங்கடம் என்னவென்றால், புது நக்ஷத்திரங்கள் பிறப்பதே இத்தூசி செறிந்த மேகங்களில்தான். சிவந்த நக்ஷத்திர மண்டலம் என்றால் வயது முதிர்ந்தது, அங்கே பிறப்பு நின்றுவிட்டது என்று நாமும் வகுப்பில் பல வருஷம் சொல்லிவந்தோம். எத்தனை வாலிப மண்டலங்களைக் கிழவர் ஜாபிதாவில் சேர்த்தோமோ!

உண்மையை அறிவது எப்படி? நெல் மில்லின் கொல்லையில் கனியும் உமிக்குவியலைப் பாருங்கள். சுவாலை இல்லை, வெளிச்சமும் இல்லை. கையை அருகே நீட்டினால் சுடும். நக்ஷத்திர ஒளியை விழுங்கிய தூசியும் அப்படியே சிறிது சூடேறி, அதைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராகத் திருப்பித் தருகிறது. (சூடு என்றோமே, அது பனிக்கட்டியைவிட இருநூறு டிகிரிக்கு மேல் குளிர்ந்த சூடு!)

இக்கதிரின் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள நீராவி மறித்துவிடும். ஆகவே பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், 1980-களில், 100 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட தூரதிருஷ்டிக் கருவியைப் பலூனில் கட்டி, ஹைதராபாத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, நம் பால்வீதியின் பிறப்பு மேகங்களை அளந்தார்கள். நம்மவர் கைவேலை என்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வமுண்டு.

பிற மண்டலங்களின் கதையை 1983-இல் ஐராஸ் என்னும் விண்கலம் வெளியிட்டது. தம் ஒளியில் பெரும்பங்கை அகச்சிவப்பாகவே வீசும் மண்டலங்கள் பல அகப்பட்டன. தொலைவிலிருந்து வரும் ஒளி பழைய காலத்தது அல்லவா? அவ்வாறு பின்னோக்கிப் பார்த்ததில், சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன், பிறப்பு உச்சத்தில் இருந்தபோது, அதன் பெரும்பகுதி தூசித்திரைக்குள்ளேயே நடந்திருக்கிறது. இதுகாறும் பிறந்த நக்ஷத்திர ஒளியில் ஏறக்குறையப் பாதியைத் தூசி விழுங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து எழுதிய பழைய கணக்கு, களத்து நெல்லை எண்ணிவிட்டுப் பத்தாயத்தைத் திறவாத கணக்குப்பிள்ளையின் கணக்கு.

முதல் 100 கோடி ஆண்டுகளில் எவ்வளவு மறைந்தது என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தூரதிருஷ்டிக் கருவி அந்தப் பத்தாயத்தையும் இப்போது திறந்துகொண்டிருக்கிறது.