தாழ்ந்தோடும் கார்கள்

தாழ்த்துதல் என்னுஞ் சொல் நம்மிடையே பெரும்பாலும் இழிவையே குறிக்கும். கலிபோர்னியாவில் வாழும் மெக்சிகோ வழிவந்த இளைஞர்க்கோ அஃது அழகு. விரைந்தோடும் காரைவிடத் தரையையொட்டி மெல்ல ஊரும் காரையே அவர்கள் விரும்பினர். பின்பெட்டியில் மணல்மூட்டைகளை ஏற்றியும், சுருள்வில்லை வெட்டியும் காரைத் தாழ்த்தினர்.

1958இல் அம்மாநிலச் சட்டம் குறுக்கிட்டது. மாற்றியமைத்த காரின் எப்பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கலாகாது என்றது. வெட்டிய வில்லை நடுத்தெருவில் ஒட்டவைத்தல் இயலுமா?

அவ்வாறு காவலரிடம் அகப்பட்டு வந்த ரான் அகீரே, 1959இல் தம் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் பழைய விமான உறுப்புகளான எண்ணெய்ப் பம்பையும் உருளைகளையும் பொருத்தினார். பேட்டரியால் இயங்கும் பம்பு எண்ணெயை உந்த, உருளைகள் நீண்டு கார் எழும். எண்ணெய் மீண்டதும் தாழும். காவலரைக் கண்டால் உயர்வு, கடந்தபின் தாழ்வு! (மாணவர் இவ்வுத்தியைத் தேர்வறைக்குக் கொண்டுசெல்லற்க.)

சட்டம் அத்துடன் ஓயவில்லை. இக்கார்கள் தெருவில் உலவுவதையே பின்னாளில் பல ஊர்கள் தடுத்தன. காரைச் செப்பனிட்ட கைவினைஞரைக் குற்றக் கும்பலினராகக் கண்டது கொடுமையே. 1958ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவும், உலாத் தடைக்கு இடந்தந்த விதியும் 2024 ஜனவரி முதல் நாளன்றுதான் நீங்கின.