பெக்கோக் லோரியும் உள்ளே பார்க்கும் கேமராவும்

வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். ஜொகூரின் பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் லோரி ஓட்டுபவரின் நாளை நடத்துவது இந்தக் கணக்குதான். அவசரம் அன்றும் இருந்தது. ரப்பர்ப் பால் உறைவதற்குள் வாளியோடு ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று குலை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தை யார், எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பதுதான் மாறிவிட்டது.

தோட்டத்து மக்களுக்குக் கண்காணிப்பு புதிதல்ல. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசை. ஆளைக் கூட்டி வந்த கங்காணி, வேலைக்காட்டில் பின்னால் நடக்கும் மண்டோர், செக்ரோல் எழுதும் கிராணி, எல்லாருக்கும் மேலே துரை. வேலை முடிந்து லயத்துக்கு வந்தாலும் தனிமை கிடையாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். குளியல் பொதுக் குழாயடியில், சண்டையும் சமாதானமும் ஊரறிய. இப்படி வளர்ந்தவர் கைக்கு லோரி ஸ்டேரிங் வந்தபோது, கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கென்று ஓர் அறையும் கூடவே வந்தது. தோட்டத்து கேட்டைத் தாண்டிவிட்டால் திரும்பி வரும்வரை துரைக்கும் அவர் தெரியமாட்டார்.

முதலாளிகள் சும்மா இருந்துவிடவில்லை. புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் சிட்டில் ஏறின. மீட்டரைக் குறித்தார்கள், தொட்டியில் குச்சி விட்டு டீசலை அளந்தார்கள். கோப்பிக்கடை வாசலில் லோரி நெடுநேரம் நின்றால் அதைப் போய்ச் சொல்லவும் ஆள் இருந்தது. ஆனாலும் கேள்வி கேட்டவர் ஒரு மனிதர். டயர் பஞ்சராயிற்று என்றோ ஆற்றில் வெள்ளம் என்றோ அவரிடம் எடுத்துச் சொல்லலாம். அவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். கேபினுக்குள் முருகன் படம், அதில் மல்லிகைச் சரம், இருக்கைக்குப் பின்னால் தலையணை, கேசட்டில் பாட்டு. அங்கே பாட்டோடு சேர்ந்து உரக்கப் பாடினாலும் வீட்டுக் கவலையில் கண் கலங்கினாலும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாஆ வந்து முதலாம் கூட்டரசுச் சாலையில் ஏறி, யோங் பெங்கில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். 1994-இல் அந்த நெடுஞ்சாலை முழுமை பெற்றபின் பாசிர் கூடாங்கும், பிறகு தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகமும் இந்த வட்டார ஓட்டுநர்களுக்கு அன்றாடப் பாதையாயின. தூரம் கூடியதும் ஜிபிஎஸ் வந்தது. லோரி நிற்கும் இடம் மட்டுமின்றி எஞ்சின் ஓடுகிறதா என்பதும் அலுவலகத் திரையில் தெரிந்தது. ஆலை வாசலில் வரிசை நகரும்வரை ஏர்கோன் போட்டுக் கண்ணயர்ந்தால், நின்ற இடத்தில் டீசல் எரிக்கிறார் என்று அது கணக்கில் ஏறிவிடும். ஜொகூர் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை அணைத்துத் தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கின் கொடுமை தெரியும்.

இப்போது எண்ணெய் டேங்கர்களிலும் கண்டெய்னர் டிரெலர்களிலும் கேமராவே வந்துவிட்டது. ஒரு கண் சாலையைப் பார்க்கும், இன்னொன்று ஓட்டுநரை. உள்ளே பார்ப்பது அகச்சிவப்பு ஒளியில் இயங்குவதால் நள்ளிரவிலும் முகம் தெரியும். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, வாய் எப்போது திறக்கிறது, பார்வை எங்கே போகிறது, கை போனைத் தொடுகிறதா என்று நொடிதோறும் கணிக்கும். வரம்பு மீறினால் கேபினில் அலாரம் அடிக்கும், காட்சித் துணுக்கு முதலாளிக்குப் போகும். அதிர்வை உணரும் கருவியும் உண்டு. தோட்டத்துச் செம்மண் குழியில் சக்கரம் இறங்கி ஏறினாலும் அது பதிவாகலாம். சிக்னல் இல்லாத காட்டுப் பகுதியா, உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு ஊர் வந்ததும் அனுப்பும்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் சரளைக்கல் லோரி மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீசார் இறந்தார்கள். அதன்பின் கனரக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அக்டோபர் 1 முதல் படிப்படியாகக் கட்டாயமானது. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். சாலையைப் பார்க்கும் கேமராவும் நல்லது. தப்பு எதிரே வந்த வண்டியுடையது என்று அது பலமுறை ஓட்டுநரைக் காப்பாற்றும். என் எதிர்ப்பெல்லாம் முகத்தைப் பார்க்கும் கண்மீதுதான். தெலுக் இந்தான் விசாரணையில் அதிகச் சுமையும் பிரேக் கோளாறும் வெளிவந்தன. இமையை எண்ணும் கேமரா இந்த இரண்டையும் பிடித்திருக்காது. ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, இரண்டாவது ட்ரிப்பை முடித்தவரை மூன்றாவதுக்கு அனுப்பினால் கொட்டாவி வரத்தான் செய்யும். கொட்டாவி பதிவாகிறது. அனுப்பிய உத்தரவு எந்தக் காட்சித் துணுக்கிலும் இல்லை.

மற்ற நாட்டு ஓட்டுநர்கள் இந்த வழியில் முன்பே நடந்தவர்கள். ஓட்டும் நேரத்தைப் பதியும் டாக்கோகிராஃப் வந்தபோது பிரிட்டனில் அதைக் கேபினுக்குள் வைத்த உளவாளி என்றே அழைத்தார்கள். ஆனால் அது நேரத்தைத்தான் குறித்தது, முகத்தை அல்ல. அதிக நேரம் ஓட்டச் சொன்ன முதலாளிக்கு எதிராகவும் அந்தப் பதிவு சாட்சி சொல்லும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரயில் முனையத்துக்குள் நுழைய லோரி ஓட்டுநர்களிடம் முறையான ஒப்புதலின்றிக் கைரேகை வாங்கிய வழக்கில், 2022-இல் ஜூரி 22 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு வழிவகுத்தது. பின்னர் அது 7.5 கோடி டாலரில் சமரசமானது. உடலின் அடையாளத்தை எடுக்குமுன் கேட்க வேண்டும் என்ற ஒரே விதிக்காகத்தான் அவ்வளவு பெரிய தொகை.

நம் நாட்டில்? தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அரசியல் சாசன உரிமையை அரசுக்கு எதிராகத்தான் கோரலாம், தனியார் முதலாளிக்கு எதிராக அல்ல என்பதும் 2005-இல் அதே நீதிமன்றம் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் சொன்னதே. ஓட்டுநர் கையில் மிஞ்சுவது 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2024-இல் அது திருத்தப்பட்டு, உடற்கூறு சார்ந்த தரவு கூடுதல் பாதுகாப்புக்குரிய பட்டியலில் சேர்ந்தது. இமையையும் வாயையும் அளக்கும் கேமரா இந்தப் பட்டியலுக்குள்தான் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வேலையில் சேரும் நாளில் ஒரு கட்டுத் தாளோடு வாங்கும் கையெழுத்தை மனமறிந்த ஒப்புதல் என்று ஏற்க முடியாது.

கேபின் அவருக்குப் படுக்கையறையும்தான். துணி மாற்றுவது அங்கே, மனைவியோடு போனில் பேசுவது அங்கே, சாமி கும்பிடுவதும் அங்கேயே. கைப்பிரேக் போட்டு நிறுத்தியதும் உட்கேமரா அணைய வேண்டும். குரல் பதிவு கூடவே கூடாது. எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் யார் பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். சம்பளம் வெட்டுமுன் அந்தக் காட்சியை அவருக்கும் காட்ட வேண்டும்.

தம்மைப் பற்றிய பதிவைக் காட்டும்படி ஓட்டுநர் இன்றே கேட்கலாம். எழுத்தில் கேட்டால் 21 நாளில் பதில் தரச் சொல்கிறது தரவுப் பாதுகாப்புச் சட்டம். முன்பு தோட்டத்தில் மனு எழுத வேண்டுமென்றால் தமிழ்ப்பள்ளி வாத்தியாரைத்தான் தேடிப் போவார்கள். சாஆ, லாபிஸ், பெக்கோக் பக்கம் சட்டம் படித்த பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது இந்தக் கடிதத்தை ஓட்டுநர்களுக்கு அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.