ஜமாஅத் இணையதளத்தின் பூட்டை இழுத்துப் பார்ப்போம்

கடையைச் சாத்தியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோம். எட்டயபுரம் போன்ற சிற்றூரில் ஜமாஅத்துக்கு இணையதளம் தொடங்கினாலும் அப்படித்தான். அதில் பதியும் குடும்ப விவரங்கள் நம்மிடம் உள்ள அமானிதம்.

சோதிக்க 'நிக்டோ' என்ற இலவச மென்பொருள் 2001 முதல் இருக்கிறது. உபுண்டு கணினியின் டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் நிக்டோ' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நிறுவிக்கொள்ளும். பிறகு 'நிக்டோ', இடைவெளி, சிறுகோடு, சின்ன எழுத்து 'ஹெச்', இடைவெளி, தள முகவரி. பழைய சர்வர் பதிப்பு, நீக்க மறந்த கோப்பு என வரிவரியாகக் காட்டும். காட்டுவதெல்லாம் ஓட்டையல்ல, அடைப்பதும் அதன் வேலையல்ல. தளத்தைப் பராமரிப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றி ஓட்டக் கூடாது. தீய நோக்கில் ஊடுருவினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிவைப்போம்.