தண்ணீரால் சர்வரைக் குளிர்விக்கலாமா?

சென்ற கோடையில் கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையைச் சேர்ந்த இளம் தொழில்முனைவோர் ஒருவர் எம்மிடம் கடன் கேட்டு வந்தார். அப்பகுதிக் கடைகளுக்கும் மருந்தகங்களுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துத் தருபவர். அவர்களுடைய தரவுகள் யாவும் அவர் அறையில், ரேக்கில் அடுக்கிய நான்கு சர்வர்களில் இருக்கின்றன. அறையின் வெப்பம் தாங்காமல் சர்வர்கள் இருமுறை தாமாகவே நின்றுவிட்டனவாம். இரண்டாவது ஏசி வாங்கினால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது. “சார், தண்ணீரைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் அமைப்பை நானே செய்துவிடுவேன். அதற்கு 60,000 ரூபாய் கடன் கிடைக்குமா?” என்றார்.

நான் வணிகவியல் படித்தவன். பம்பும் குழாயும் என் துறை அல்ல. எனவே ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை, சொந்தமாக சர்வர் வைத்துத் தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சுரங்கம் கற்பித்த பாடம்

சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எனக்கு, வெப்பத்தைப் பற்றிய முதற்பாடம் வீட்டிலேயே கிடைத்தது. 2001-இல் மூடப்பட்ட தங்கவயல் சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலே நிறுவிய குளிரூட்டும் ஆலையிலிருந்து குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தி, சூடான காற்றை வெளியேற்றினால்தான் மனிதர் அங்கே வேலை செய்ய இயலும்.

இதிலுள்ள அடிப்படை எளிது. வெப்பத்தை அழிக்க இயலாது. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடத்தான் இயலும். சர்வரும் இவ்விதிக்கு உட்பட்டதே. அது உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. சர்வர் ஒன்றுக்கு 350 வாட் எனக் கொண்டால், நான்குக்கும் 1,400 வாட். சிறிய அறையில் ஒரு ஹீட்டரை இரவும் பகலும் எரியவிடுவதற்கு இது சமம்.

காற்றா, தண்ணீரா?

ஒரே கன அளவை ஒப்பிட்டால், காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். மேற்சொன்ன 1,400 வாட்டையும், வெப்பம் 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் அகற்ற, நிமிடத்துக்கு 14,000 லிட்டர் காற்று தேவை. தண்ணீராயின் 4 லிட்டரே போதும். ரேக்கில் பொருத்தும் மிக மெல்லிய சர்வரின் உயரம் 44 மில்லிமீட்டர்தான். அதற்குள் அடங்கும் சிறு விசிறிகள் கடும் வேகத்தில் சுழன்று இரைவது இதனாலேயே.

இம்முறை புதியதன்று. 1960-களிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகள் சில தண்ணீரால் குளிர்விக்கப்பட்டன. நம் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா மீக்கணினியிலும் திரவக் குளிர்விப்பே பயன்படுகிறது. எனவே அந்த இளைஞரின் எண்ணம் விபரீதமானதன்று.

அமைப்பின் உறுப்புகள்

சர்வரின் பிராசசர் மீது உட்புறம் நுண்ணிய பள்ளங்கள் கொண்ட செம்புத் தகடு ஒன்று பொருத்தப்படும். பம்பு அதனூடே தண்ணீரைச் செலுத்தும். சூடேறிய நீர் ரேடியேட்டருக்குச் சென்று, விசிறிக் காற்றால் ஆறி, சிறு தொட்டி வழியாகத் திரும்பிவரும். மெல்லிய சர்வருக்குத் தட்டையான தகடு மட்டுமே பொருந்தும். ஆகவே பம்பையும் தொட்டியையும் ரேக்கின் அடித்தட்டில் வைப்பதே நலம். கசிந்தாலும் சர்வருக்குக் கீழேதான் கசியும். சர்வர் பெட்டிக்குள் குழாய் இணைப்புகள் எத்துணைக் குறைவோ அத்துணைப் பாதுகாப்பு.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, தண்ணீரின் தன்மை. எங்கள் பகுதிப் போர்வெல் தண்ணீர் உப்புச் செறிந்தது. மெல்லிய பள்ளங்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவையும் வேண்டும். செம்புத் தகட்டோடு பழைய காரின் அலுமினிய ரேடியேட்டரை இணைத்தால், இரு உலோகங்களும் ஒரே நீரில் இருப்பதால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

இரண்டாவது, அளவுக்கு மீறிய குளிர்ச்சி. குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவதைக் கண்டிருப்போம். தண்ணீரில் பனிக்கட்டி இட்டால் சர்வருக்குள்ளும் அதுவே நிகழும். நீரின் வெப்பம் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்காதிருப்பது பாதுகாப்பு.

மூன்றாவது, மின்தடை. சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடும்போது பம்பு நின்றுவிட்டால் பிராசசர் விரைவில் சூடேறிவிடும். பம்பும் யுபிஎஸ்ஸுடன் இணைக்கப்பட வேண்டும். புதிதாக அமைத்தவுடன் சர்வருக்கு மின்சாரம் தராமல், பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டுக் கசிவு உண்டா எனச் சோதிக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரும் முறையான எர்த் இணைப்பும் கட்டாயம்.

நான்காவதே மிக முக்கியமானது. அந்த இளைஞர் காட்டிய வரைபடத்தில் ரேடியேட்டர் அதே அறையில், ரேக்கின் பின்னால் இருந்தது! அப்படி வைத்தால் பிராசசர் குளிரும். ஆனால் 1,400 வாட் வெப்பமும் அறையிலேயே தங்கும். ஏசியின் சுமை ஒரு வாட்கூடக் குறையாது. சுவருக்கு வெளியே நிழலில் ரேடியேட்டரை வைத்தால்தான் செலவிட்ட பணத்துக்குப் பயன் உண்டு.

கணக்கு என்ன சொல்கிறது?

ரேடியேட்டரை வெளியே வைத்ததாகவே கொள்வோம். தகடு பிராசசரின் வெப்பத்தை மட்டுமே எடுக்கும். நினைவகம், வட்டு, பவர் சப்ளை ஆகியவற்றை இன்னும் காற்றே குளிர்விக்க வேண்டும். 60 விழுக்காடு வெப்பம், அதாவது 840 வாட், தண்ணீருக்குச் செல்வதாகக் கொண்டேன். மூன்று பங்கு வெப்பத்தை அகற்ற ஏசிக்கு ஒரு பங்கு மின்சாரம் தேவை எனில், மிச்சம் 280 வாட். பம்பும் விசிறியும் 80 வாட் எடுத்துக்கொண்டால், நிகர மிச்சம் 200 வாட். மாதத்துக்கு 144 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 1,152 ரூபாய். 60,000 ரூபாயை மீட்க 52 மாதங்கள் ஆகும். வட்டியும் பராமரிப்பும் இதில் சேரவில்லை. அதற்குள் அந்தச் சர்வர்களே பழையனவாகிவிடும்.

மேலும், சர்வரைத் திறந்து மாற்றம் செய்தால் உற்பத்தியாளரின் வாரண்டி தொடருமா, காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தருமா என்பவற்றை எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும். கடனுக்கு ஈடாகும் கருவி என்பதால் வங்கியும் இதையே கேட்கும்.

இக்கணக்கை அவர் முன் வைத்தபோது, சற்று நேரம் மௌனமாக இருந்தார். “அப்படியானால் வேறு வழி?” என்றார். இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். விசிறிகளின் தூசியைத் துடைத்தல். ரேக்கின் காலி இடங்களைத் தகடிட்டு மூடி, சூடான காற்று முன்புறம் திரும்பாமல் தடுத்தல். ரேக்கின் பின்புறக் காற்றை எக்ஸாஸ்ட் விசிறியால் நேரே வெளியேற்றுதல். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேல் அமைந்த தங்கவயலின் குளிர்ந்த இரவுக் காற்று, செலவில்லாமல் கிடைக்கும் செல்வம்.

கடன் வழங்கினோம், புதிய யுபிஎஸ்ஸுக்கும், தரவின் மறுபடியை வேறோர் இடத்தில் சேமிக்கும் ஏற்பாட்டுக்கும். தண்ணீர்க் குளிர்விப்பை அவர் கைவிடவில்லை. வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லாத பழைய சர்வர் ஒன்றில், தம் சொந்தச் செலவில் செய்துபார்க்கிறார். ரேடியேட்டர் இப்போது சன்னலுக்கு வெளியே இருக்கிறது.