கையில் இட்ட ஊசியும் மூன்றாம் நாளும்

நெசவாளர் ஒருவர் இருமினால் பஞ்சுத் தூசியே காரணம் என்று முடிவு கட்டிவிடுவது நம் பக்கத்து வழக்கம். பாவுக்குக் கஞ்சி தோய்த்து உலர்த்தும்போதும், தார் சுற்றும்போதும், தறியில் நாடா ஓடும்போதும் நூலின் பிசிறு பறந்து தொண்டையில் படிவது உண்மையே. ஆகவே இருமலை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. என் தறிக்கு அடுத்த குழித்தறியில் அமர்ந்து நெய்துவந்த நண்பரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். சுக்கும் கருப்பட்டியும் கலந்த காப்பியை இரண்டு மாதம் குடித்தார். மாலைதோறும் காய்ச்சல் கண்டது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பிறகுதான் மார்த்தாண்டம் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று கோழையைச் சோதனைக்குக் கொடுத்தார். காசநோய் என்று முடிவு வந்தது.

அவருக்கு மருந்து தொடங்கிய வாரமே சுகாதாரப் பணியாளர் ஒருவர் நம் தறிக்கூடத்துக்கு வந்து, அவரோடு நாள்தோறும் ஒரே கூரையின்கீழ் இருந்தவர் எவரெவர் என்று குறித்துக்கொண்டார். வீட்டில் நால்வர், கூடத்தில் ஆறு பேர். என் பெயர் முதலில் இருந்தது. எங்கள் தறிகளுக்கு இடையே ஒரு முழ இடைவெளிதான்.

குழித்தறிக் கூடத்தின் அமைப்பை அங்கத்தினர் அறிவர். காற்றடித்தால் பருத்தி நூல் காய்ந்து அறுகிறது. எனவே சாளரத்தை அடைத்து, தரையின் ஈரம் போகாதபடி காத்து நெய்கிறோம். துணிக்கு நன்மையான இந்த ஏற்பாடு நுரையீரலுக்கு நன்மையன்று. காசநோய்க் கிருமி நோயாளி இருமும்போதும் பேசும்போதும் நுண்துளியாய் வெளிவந்து காற்றில் மிதக்கிறது. வெயிலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அது விரைவில் அழிகிறது, அல்லது கலைந்து போகிறது. இருட்டும் அடைப்பும் உள்ள அறையிலோ மணிக்கணக்கில் நிற்கிறது. பால்வெட்டுக்குப் போகும் ரப்பர்த் தொழிலாளி திறந்த வெளியில் நிற்கிறார். நாம் நாளெல்லாம் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவமனையில் முன்பதிவோ சிபாரிசோ வேண்டியிருக்கவில்லை. சீட்டு வாங்கி வரிசையில் நின்றதே போதுமாயிற்று. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்வை உண்டா என்று கேட்டனர். இல்லை என்றேன். இடது முன்கையின் உட்புறத்தைத் துடைத்து, மிக மெல்லிய ஊசியைத் தோலுக்கு இணையாகச் சாய்த்து, தோலின் மேலடுக்கிலேயே சிறிது மருந்தைச் செலுத்தினார் செவிலியர். அளவு 0.1 மில்லி லிட்டர். உடனே வெளிறிய சிறு கொப்புளம் ஒன்று எழுந்து, கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

“தேய்க்க வேண்டாம், சொறிய வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். குளிக்கலாம். மறு நாளன்று, மூன்றாம் நாள் கட்டாயம் வந்து காட்ட வேண்டும். வருவீர்களா, அண்ணாச்சி?” என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

நான் போகவில்லை. ஆடிக் கடைசி, ஓணத்துக்கு வேட்டியும் நேரியதும் கேட்டு ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்த நேரம். கையைப் பார்த்தேன், சற்றே சிவந்திருந்தது, வலியில்லை. இதைக் காட்டுவதற்காக ஒரு நாள் கூலியை விடுவானேன் என்று தோன்றிற்று. ஐந்தாம் நாள் சென்றபோது, இனி அளந்து பயனில்லை, மறுகையில் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். குறை முழுவதும் என்னுடையதே. இச்சோதனையைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானதும் இதுவே: ஊசி போடுவது சோதனையில் பாதிதான், 48 மணிக்கும் 72 மணிக்கும் இடையே அளந்து பார்ப்பது மறுபாதி. முதற்பாதியை மட்டும் முடித்தவர் சோதனையே செய்துகொள்ளாதவராவார்.

இவ்வளவு தாமதம் எதற்கு? தேன் வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டத்தாருக்கு இதை விளக்குவது எளிது. தேனீ கொட்டினால் தடிப்பு அப்போதே எழுகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிகிறது. காசநோய்ச் சோதனையின் தடிப்பு வேறு வகை. ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதமே உண்டு. உடல் முன்பே அக்கிருமியைச் சந்தித்திருந்தால், அதை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள் செய்தி கேட்டு மெல்ல மெல்ல அவ்விடத்தில் வந்து கூடுகின்றன. அவை திரண்டு தோல் கெட்டிப்பட இரண்டு மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் பார்த்தால் வந்து சேர்ந்திரா. வாரம் கழித்துப் பார்த்தால் கலையத் தொடங்கியிருக்கும்.

இந்த மருந்தின் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த ராபர்ட் காக், 1890-இல் அக்கிருமியின் சாறு ஒன்றை நோய் தீர்க்கும் மருந்தென வெளியிட்டார். நோயாளிகள் பெர்லினுக்குத் திரண்டனர், குணம் காணவில்லை. ஆயினும் அச்சாறு நோயுற்ற உடலில் ஒரு விதமாகவும் பிறர் உடலில் வேறு விதமாகவும் வேலை செய்வதைக் கண்ட கால்நடை மருத்துவர்கள், 1890-களிலேயே மாடுகளில் மறைந்திருக்கும் காசநோயை அறிய அதைப் பயன்படுத்தினர். மாடு வைத்திருக்கும் அங்கத்தினர் கவனிக்கலாம்: மனிதருக்கு முன் இச்சோதனையால் பெரும்பயன் பெற்றவை மாடுகளே. பாலைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்வதற்கு இந்நோயும் ஒரு காரணம். பிறகு வியன்னாவில் பிர்க்கே 1907-இல் தோலைக் கீறிச் செய்யும் முறையையும், பிரான்சில் மாண்டூ 1908-இல் தோலுக்குள் ஊசியிடும் முறையையும் கொண்டுவந்தனர். இன்று நம் கையில் இடப்படுவது மாண்டூ வகுத்த முறையே.

நம் நாட்டில் இது ஊர் ஊராகப் பரவியது பி.சி.ஜி. இயக்கத்தோடு. 1948-இல் மதனப்பள்ளியில் அந்த இயக்கம் தொடங்கிற்று. தடுப்பு மருந்து கிண்டி கிங் நிலையத்தில் தயாராயிற்று. (இராஜாஜி அவர்கள் 1955-இல் இத்தடுப்பூசியைக் கடுமையாக எதிர்த்து எழுதியதைப் படித்தோர் அறிவர்.) முதலில் தோற்சோதனை செய்து, மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்து, தடிப்பு இல்லாதவர்க்கே தடுப்பூசி போடுவது அன்றைய முறை. சோதித்துக்கொண்டவருள் பலர் மூன்றாம் நாள் தலைகாட்டவில்லை. 1960-களில் சோதனையின்றி நேரே தடுப்பூசி போடும் முறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓணத்து வேட்டிக்காக நான் செய்த தவற்றை நாடு முழுவதும் முன்பே செய்து பார்த்திருக்கிறது என்பது எனக்கு ஒரு சிறிய ஆறுதல்.

இரண்டாம் முறை தவறாமல் சென்றேன். செவிலியர் சிவப்பைப் பொருட்படுத்தவேயில்லை. விரல் நுனியால் தடவி, கெட்டிப்பட்ட பகுதியின் ஓரத்தை இருபுறமும் பேனாவால் குறித்து, கையின் குறுக்காகக் கோலை வைத்து அளந்தார். 14 மில்லி மீட்டர். பொதுவாக 10-உம் அதற்கு மேலும் இருந்தால் கிருமி உடலில் புகுந்ததன் அடையாளமாகக் கொள்வர், எச்.ஐ.வி. உள்ளவர்க்கு 5 போதும்.

அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குக் கால் தளர்ந்தது உண்மை. நண்பருக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்படியன்று என்று மருத்துவர் விளக்கினார். கிருமி புகுந்திருப்பது வேறு, நோய் உண்டாகியிருப்பது வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியருள் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பேர் உடலில் கிருமியின் அடையாளம் காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் நோயின்றியே வாழ்வர். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே பின்னொரு நாள் நோய் வெளிப்படுகிறது. அதிலும் கிருமி புகுந்த முதல் இரண்டு ஆண்டுகளிலேயே ஆபத்து மிகுதி. கிருமி உறங்கும் நிலையில் உள்ளவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. அவரைத் தறியிலிருந்து விலக்கவும் வேண்டாம், அவர் குடித்த குவளையை ஒதுக்கவும் வேண்டாம்.

தடிப்பு எழாவிட்டால் முற்றும் விடுதலை என்றும் எண்ணலாகாது. கிருமி புகுந்து இரண்டு முதல் எட்டு வாரம் வரை கையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஊட்டம் குறைந்தவர், எச்.ஐ.வி. உள்ளவர், அண்மையில் அம்மை கண்டவர் ஆகியோரின் உடல், கிருமி இருந்தும் பதில் சொல்லாமல் இருந்துவிடுவதுண்டு. நோயே முற்றியவர் சிலருக்கும் கை மட்டமாகவே இருக்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவருக்கு இச்சோதனை போதாது. கோழையும் ஊடுகதிர்ப் படமும்தான் அவருக்குரியவை.

மறுபுறம், தடிப்பு எழுவதெல்லாம் காசநோய்க் கிருமியாலும் அன்று. நம் தென்னாட்டின் வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணிலும் நீரிலும் அதே குலத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் மிகுதியாய் உள்ளன. அவை சிறு தடிப்பை உண்டாக்கும். பி.சி.ஜி. போட்டதும் அவ்வாறே, ஆனால் பிறந்தவுடன் போட்ட தடுப்பூசியின் விளைவு பத்தாண்டுக்குள் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி இலட்சக்கணக்கான மக்களிடையே நடந்த பி.சி.ஜி. ஆய்வில் இவ்வித வேற்றுக் கிருமிகளின் பரவல் வெளிப்பட்டது. பெரியோரின் நுரையீரல் நோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோய் முதலிய கொடிய வகைகளை அது தடுக்கிறது. ஆதலால் பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்கக் காசநோய்க் கிருமிக்கே உரிய இரு புரதங்களைக் கொண்ட சி-டிபி என்னும் புதிய தோற்சோதனை 2022-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. புனே நிறுவனம் ஒன்று தயாரிக்கிறது. அதற்கும் மூன்றாம் நாள் உண்டு. இரத்தத்தில் பார்க்கும் சோதனைக்கு ஒருமுறை சென்றால் போதும். ஆனால் நல்ல ஆய்வுக்கூடமும் அதிகச் செலவும் வேண்டும்.

எனக்கு மார்புப் படம் எடுத்தார்கள். தெளிவாக இருந்தது. அதன் பிறகே தடுப்பு மருந்து தந்தார்கள். இந்த வரிசை மாறக்கூடாது. நோய் உள்ளே இருக்கத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அம்மருந்துக்குப் பழகிவிடும். ஐசோநியசிட் மாத்திரையை நாள்தோறும் ஆறு மாதம் உண்பது பழைய முறை. அதனோடு ரிஃபாபென்டின் சேர்த்து வாரம் ஒருமுறை பன்னிரண்டு வாரம் உண்பது புதிய முறை. எனக்குப் பின்னது கிடைத்தது. ஞாயிறுதோறும் உண்டேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். இல்லாவிடில் அன்றே மருந்தை நிறுத்தியிருப்பேன். மஞ்சள் காமாலைக் குறியோ, ஓயாத குமட்டலோ கண்டால் உடனே வர வேண்டும் என்றும், சாராயம் அறவே கூடாது என்றும் எச்சரித்தனர்.

நண்பரின் வீட்டில் மூன்று வயதுப் பேத்தி ஒருத்தி உண்டு. தாத்தாவின் மடியிலேயே வளர்ந்தவள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உடலில் கிருமி புகுந்தால் நோயாக மாறுவது விரைவு, அதன் கொடுமையும் அதிகம். எனவே அவளுக்குத் தோற்சோதனைக்காகக் காத்திராமல், நோய் இல்லை என்று உறுதி செய்த உடனே தடுப்பு மருந்து தொடங்கினர். வீட்டிலுள்ள பெரியவர்கள், ‘ஒன்றுமில்லாத பிள்ளைக்கு மருந்தா?’ என்று தயங்கினார்கள். நண்பரே அதட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்.

அவரை எங்கும் கொண்டுபோய் வைக்கவில்லை. ஆசாரிபள்ளம் என்றால் காசநோய் மருத்துவமனை என்றே பொருள்பட்ட காலத்தை நினைத்து நம் மூத்தோர் இன்னும் அஞ்சுகிறார்கள். அவ்வளாகத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் விடுதியில் படுத்து உண்ட அளவு குணம் காணலாம் என்பது, 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையத்தின் ஆய்வில் நிறுவப்பட்டு 1959-இல் வெளியாயிற்று. உலகம் இன்று கைக்கொள்ளும் வழக்கம் சேத்துப்பட்டில் பிறந்ததென்று சொல்லலாம். நண்பருக்கு மருந்தும் சோதனையும் இலவசம். ஊட்டத்துக்காகத் திங்கள்தோறும் வங்கிக் கணக்கில் பணமும் வருகிறது. 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கிய அத்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். ஊட்டத்தின் பயனைப் பற்றி ஐயுறுவோர் ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வைக் கருதலாம்: நோயாளியின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் முறையாகக் கொடுத்துவந்ததில், அவர்களுள் புதிதாக நோயுறுவோர் தொகை நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது.

கூடத்தில் பட்டியலிட்ட ஆறு பேரில் மூன்றாம் நாள் சரியாகச் சென்றவர் முதலில் இருவரே. ஏனையோர் சொன்ன காரணம் என் காரணம்தான். நிர்வாகக் குழுவில் இதை எடுத்துரைத்தபோது வாதம் நடந்தது. நோய்க்குச் சங்கம் பொறுப்பா என்று ஒருவர் கேட்டார். முடிவில், ஊசி போட்டவர் அளக்கச் செல்லும் காலைப்பொழுதுக்கு அரைநாள் கூலி தருவதென்றும், எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு ஒரே வண்டியில் சென்று வருவதென்றும் தீர்மானித்தனர். திங்கட்கிழமை போட்டால் புதன், வியாழன் இரண்டுமே அளக்க ஏற்ற நாட்கள். வியாழக்கிழமை போட்டால் வார இறுதியில் சிக்கிக்கொள்ளும். அடுத்த திங்களன்று நால்வர் சென்றனர். புதனன்று நால்வரும் திரும்பச் சென்றனர். மூவருக்குத் தடிப்பு இருந்தது. ஒருவருக்குப் படத்தில் சந்தேகம் கண்டு கோழையையும் சோதித்தனர். நல்லவேளை, நோய் இல்லை. விவரம் வேண்டும் அங்கத்தினர் 1800-11-6666 என்ற அரசின் இலவசத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

நண்பர் ஆறு மாத மருந்தை முடித்து, தறிக்குத் திரும்பியிருக்கிறார். கூடத்தின் கீழ்ப்புறச் சுவரில் அடைத்திருந்த இரண்டு சாளரங்களையும் திறந்துவிட்டோம். நூல் அறுகிறது என்ற புகார் இன்னும் தீரவில்லை. இப்போதைக்குத் தறிக்குழியைச் சுற்றி மணல் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.