இரண்டு ரூட்டரும் ஒரே எண்ணில்

செப்டம்பர் பிறந்தால் ஆடிட்டர்களுக்குத் தூக்கம் கிடையாது. வரித் தணிக்கை அறிக்கைக்கு 30ஆம் தேதி கெடு. "தம்பி, ஆபீஸ் டாலி சாஃப்ட்வேர்ல இருக்கிற கணக்கை ராத்திரி வீட்லேர்ந்தே பார்க்கணும், ஏதாவது பண்ணிக்கொடுங்க" என்று நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்குப் போன் வரும். போய்ப் பார்த்தால் சில இடங்களில் ரூட்டரில் 3389ஆம் போர்ட் திறந்தே கிடக்கும். விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் வழி அது. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நுழைந்துவிட்டால் கணக்கு மொத்தத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். முதல் வேலையாக அதை மூடுவேன்.

பிறகுதான் வி.பி.என். வீட்டு லேப்டாப்பிலிருந்து கிளம்பும் தரவு என்கிரிப்ட் ஆகி, அலுவலக ரூட்டரில்தான் பிரியும். நான் போடுவது வயர்கார்ட். ஜேசன் டோனென்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-இல் சேர்ந்தது. முன்பின் தெரியாத சாவியோடு யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. எனக்கு அதில் மிகவும் பிடித்த குணம் இதுதான். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு சாவிகள். பொதுச் சாவியை எதிர்முனைக்குக் கொடுக்கலாம். தனிச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுவேன்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. வீட்டு ரூட்டர், ஆபீஸ் ரூட்டர் இரண்டுமே பெரும்பாலும் 192.168.1.1 என்றே கம்பெனியிலிருந்து வரும். ஆபீஸில் டாலி இருக்கும் கணினி 192.168.1.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு லேப்டாப் அந்த எண்ணைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். இரண்டு ஊரில் ஒரே தெருப்பெயர், ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் உள்ளூரிலேயே கொடுத்துவிடுவதைப் போல. வி.பி.என். இணைந்துவிட்டதாகக் காட்டும், டாலி மட்டும் திறக்காது. அதனால் ஆபீஸை 192.168.57.0 வரிசைக்கு மாற்றிவிடுவேன். நிலையான எண் கொடுத்த பிரிண்டர் இருந்தால் அதையும் கையோடு மாற்ற வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலை பிரிண்ட் வராது. லேப்டாப்பில் வயர்கார்ட் அமைப்பின் 'அலவ்டு ஐ.பி.ஸ்' வரியில் 192.168.57.0/24-ஐயும் வி.பி.என். முகவரியையும் மட்டும் எழுதினால் ஆபீஸ் போக்குவரத்து மட்டும் அந்த வழியில் போகும்; பிள்ளைகள் பார்க்கும் யூடியூப் வழக்கம்போல நேரே போகும்.

ஆனால் இத்தனையும் செய்வதற்கு முன்பே ஆபீஸ் ரூட்டரின் அமைப்பில் 'வான்' (WAN), அதாவது வெளி இணைய இணைப்பைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரி இருந்தால், ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து உங்கள் ரூட்டரை நேரடியாக எட்ட முடியாது. இணைய நிறுவனத்திடம் கட்டணம் கட்டி 'ஸ்டாட்டிக் ஐ.பி.' கேட்டு வாங்குங்கள். அது வந்த பிறகு என்னைக் கூப்பிடலாம்.