மோட்டார் சைக்கிளும் வழிகாட்டுங் கருவியும்

வெளிநாடுகளிலிருந்து ஊர் திரும்பும் பழைய மாணவர் பலர், வந்த மறுநாளே உறவினரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு புறப்படுவதைக் காண்கின்றோம். தாம் இளமையிற் சைக்கிள் ஓடித்திரிந்த ஒழுங்கைகள் அவர்களுக்கு இன்று அடையாளந் தெரிவதில்லை. வேலிகள் மதில்களாயின, மணற்பாதைகள் கொங்கிறீற்றுப் பாதைகளாயின, வழி கேட்கலாமென்றாற் படலையில் நிற்பாரைக் காணோம். ஆகவே கைத்தொலைபேசியை ஒரு கையிற் பிடித்தபடி மறுகையால் வண்டியைச் செலுத்துகின்றனர். இவ்வழக்கம் இங்கேயே வாழும் இளைஞரிடத்தும் உண்டு. அது தண்டத்துக்குரிய குற்றமென்பது ஒருபுறமிருக்க, உயிருக்கே உலை வைப்பதாகும். ஆதலின் வழிகாட்டுங் கருவியைத் தெரிவுசெய்வதும், அதனை வண்டியிற் பொருத்துவதும் எங்ஙனமென ஈண்டுச் சிறிது கூற விழைகின்றேன். தமிழாசிரியனுக்கு இயந்திரத்தில் என்ன வேலையென நகைப்போர் இருக்கலாம். இருபது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளிற் பள்ளிக்கூடஞ் சென்றுவருபவனுக்கு இதிற் சிறிது உரிமை உண்டெனக் கொள்க.

முதலிற் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். ஜீ. பி. எஸ். எனப்படுவது அமெரிக்கரின் செய்மதித் தொகுதி. அதன் முதற் செய்மதி 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. 1995இல் தொகுதி முழுமையுற்றது. நிலத்திலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் இச்செய்மதிகள், தத்தம் அணுக்கடிகாரங் காட்டும் நேரத்தையும் தாம் நிற்கும் இடத்தையும் வானொலி அலைகளால் இடையறாது அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அலை வந்துசேர எடுத்த நேரத்தைக்கொண்டு செய்மதியின் தூரத்தைக் கருவி கணிக்கின்றது. மூன்று செய்மதிகளின் தூரந் தெரியின் இடந் தெரியவேண்டும். ஆயின் நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது. ஒரு செக்கனின் பத்திலட்சத்திலொரு பங்கு பிழைத்தாலும் 300 மீற்றர் தூரம் பிழைத்துவிடும். அப்பிழையைத் திருத்துதற்கே நான்காவது செய்மதி வேண்டப்படுகின்றது. இக்காலக் கருவிகள் ரஷ்யரின் குளொனாஸ், ஐரோப்பியரின் கலிலியோ, சீனரின் பெய்டூ ஆகிய தொகுதிகளின் அலைகளையும் ஏற்கவல்லன.

இங்கே பலரும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. கருவி செய்மதி சொல்வதைக் கேட்குமேயன்றித் தான் அதனோடு பேசாது. ஆகையால் இடமறிதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை. தெருப்படத்தை இறக்கிக்கொள்வதற்கே அது வேண்டும். வன்னிக் காட்டுவழியிற் கைத்தொலைபேசியின் அலைக்கோபுரம் எட்டாதவிடத்துத் திரை வெறுமையாகிவிட்டால், செய்மதி கைவிட்டதென்று எண்ணற்க. வீட்டிலிருக்கும்போதே வடமாகாணப் படம் முழுவதையும் இறக்கி வைத்திருந்தால் அந்த இடர் நேராது. பழைய படத்தை நம்புதலுந் தவறு. சங்குப்பிட்டிப் பாலம் 2011இலே திறக்கப்பட்டது. அதற்கு முந்திய படமுடைய கருவி, யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிக்குச் செல்பவனை ஆனையிறவாற் சுற்றிப் போகவே சொல்லும். இன்னொன்று: நமது நாட்டின் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. கருவியோ தன்னை ஒரு காரில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். புத்தளம் வழியாகக் கொழும்புக்குப் போகிறவரைக் கட்டுநாயக்காவில் அதிவேகப் பாதையின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தும். அவ்வகைப் பாதைகளைத் தவிர்க்கும்படி முன்னரே அதிற் குறித்துவைத்தல் வேண்டும்.

இனித் தெரிவு. மோட்டார் சைக்கிளுக்கென்றே ஆக்கப்பட்ட கருவிகள் உள. காமின் நிறுவனத்தாரின் சூமோ வரிசை அவற்றுள் ஒன்று. கையுறையோடு தொட்டாலும் அவை ஏற்கும். வெயிலிலும் எழுத்துத் தெரியும். மழைக்கும் அதிர்வுக்கும் ஈடுகொடுக்கும். விலையோ அதிகம். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுபவர்க்கன்றி ஏனையோர்க்கு அது வேண்டற்பாலதன்று என்பதே என் கருத்து. கைத்தொலைபேசியே போதுமென்பார், அதன் குறைகளையும் அறிந்திருத்தல் நன்று. நமது சித்திரை வைகாசி வெயிலிற் கரிய கண்ணாடித்திரை எளிதிற் கொதிப்பேறும். கொதிப்பேறினால் ஒளி தானே மங்கும், அல்லது கருவி தானே அணையும். நீர்காப்பு ஐ. பி. 67 என்றிருப்பின், ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரந் தாங்குமென்பது பொருள். எனினும் மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது துளைவாயில் நனைதல் கூடாது. பண்ணைத் தாம்போதியிலும் ஆனையிறவிலும் வீசும் உப்புக்காற்றும் அத்துளைவாய்க்குப் பகையே.

அதிர்வைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கைத்தொலைபேசிப் படப்பிடிப்பியில், கை நடுக்கத்தைச் சரிசெய்தற்பொருட்டு வில்லையை மிக நுண்ணிதாக அசைக்கும் பொறி ஒன்றுண்டு. வலுமிக்க மோட்டார் சைக்கிள்களின் இயந்திர அதிர்வு அப்பொறியைக் கெடுக்கக்கூடுமென்றும், அவ்வண்டிகளின் ஹாண்டிலில் நேரே பூட்டவேண்டாமென்றும் அப்பிள் நிறுவனத்தார் 2021இல் எச்சரித்தனர். சிறு வண்டிகளுக்கும் அதிர்வுதாங்கி நல்லதென்றனர். இறப்பர் இடையிட்ட பிடிகள் இதற்கென விற்கப்படுகின்றன. பாவிக்காத பழைய கைத்தொலைபேசி ஒன்று வீட்டிலிருப்பின் அதனையே வழிகாட்டியாக ஒதுக்கிவிடுதல் எல்லாவற்றினுஞ் சிக்கனமானது.

பிடியை வாங்குமுன் தண்டின் விட்டத்தை அளந்துகொள்க. சிறிய வண்டிகளிற் பெரும்பாலும் அது 22 மில்லிமீற்றர். சில பெரிய வண்டிகளின் நடுப்பகுதி 28 மில்லிமீற்றருக்கு மேற்படும். ஸ்கூட்டரின் தண்டு உறையால் மூடப்பட்டிருத்தலாற் பக்கக் கண்ணாடியின் காம்பிலே பொருத்துவர். அப்பொழுது கண்ணாடி தளர்கின்றதா என அடிக்கடி பார்த்தல் வேண்டும். வேகமானியையும் எச்சரிக்கை விளக்குகளையுங் கருவி மறைத்தலாகாது. பூட்டிய பின் ஹாண்டிலை இடமும் வலமும் முற்றாகத் திருப்பி, கிளச், பிறேக் கம்பிகள் எங்கேனும் இழுபடுகின்றனவா என்று நோக்குக.

வில்லின் வலியை மட்டும் நம்பும் மலிவான பிடியை யான் ஒருமுறை வாங்கினேன். மன்னார் செல்லும் வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது கைத்தொலைபேசியும் குதித்தது. அதனை எட்டிப் பிடிக்க என் இடக்கை தானாகவே ஹாண்டிலை விட்டுப் பாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது தெருவின் நடுவே இரண்டு மாடுகள் நின்றன. வண்டி அவற்றைத் தப்பிப் புழுதியிற் சரிந்து நின்றது; முழங்காலிற் சிராய்ப்போடு போயிற்று. உடைந்த திரையைப் பொறுக்கியபோதுதான், பிடி வழுவாதிருந்தாலும் அம்மாடுகளை யான் கண்டிருப்பேனோ என்ற ஐயம் எழுந்தது. ஏனெனின் அதற்குச் சற்றுமுன் வரையும் யான் பார்த்துக்கொண்டிருந்தது திரையையே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு செக்கன் திரையை நோக்கினால், வண்டி ஏறக்குறைய 28 மீற்றர் கண்ணின்றி ஓடுகின்றது. அன்று முதல் தலைக்கவசத்துட் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை அமைத்து, திருப்பங்களைக் காதாற் கேட்டே செல்கின்றேன். ஒலி மெல்லிதாயிருத்தல் வேண்டும். பின்னால் வரும் பேருந்தின் ஊதொலியும் அதே காதுக்குத்தான் கேட்கவேண்டும்.

மின்னிணைப்பு, கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விடவேண்டியது. வண்டியின் பற்றறி 12 உவோல்ற்று. கருவிக்கு வேண்டியது பெரும்பாலும் 5 உவோல்ற்று. இடையே ஒரு மாற்றியும், பற்றறிக்கு அண்மையில் ஓர் உருகியும் இருத்தல் வேண்டும். திறப்பை எடுத்தவுடன் மின் நிற்கும்படி இணைக்கச் சொல்லுக. நேரே பற்றறியில் இணைத்தால், வண்டி நிற்கும்போதும் மாற்றி சிறிது மின்னை உண்டுகொண்டேயிருக்கும். 3 அம்பியர்-மணிப் பற்றறியிலிருந்து 20 மில்லியம்பியர் இடைவிடாது கசிந்தால், ஏறக்குறைய ஆறு நாளில் அது வெறுமையாகிவிடும். விடுமுறைக்கு வந்தவர் ஒரு வாரங் கழித்து வண்டியை எடுக்கும்போது உதைத்தே எழுப்பவேண்டியிருக்கும்.

இப்போது என் வண்டியிலுள்ள பிடி நான்கு மூலையும் பற்றுவது. அதற்கு மேலும் ஒரு நைலோன் கயிற்றைக் கண்ணாடிக் காம்பிற் கட்டியிருக்கின்றேன். வழியை மாற்ற வேண்டுமாயின் வண்டியை மரநிழலில் நிறுத்திவிட்டே திரையைத் தொடுவேன். நின்ற இடத்தில் அம்புக்குறி சிலவேளை வடக்கைத் தெற்கென்று காட்டும். ஓட்டத்தைக்கொண்டே அது திசையறிவதாதலாற் பத்தடி உருட்டினாற் சரியாகிவிடும். ஒழுங்கைக்குள் நுழைந்தபின் திரையை அணைத்துவிடுவேன். அங்கே சந்திக் கடைக்காரரிடம் வீட்டுக்காரரின் தகப்பன் பெயரைச் சொன்னாலே போதும்.